கடைச்சல் மெசினிலேயே அரத்தாள் வட்டும் உருளையும்: வீட்டில் செய்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடிப் பட்டறை:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கொட்டிலில் கடைச்சல் மெசின் (மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் லேத்) வைத்திருக்கிறேன். ஒரு குதிரை வலு மோட்டர், நிமிடத்துக்கு 1440 சுற்று, வேகம் மாற்றப் படிப் புல்லி மூன்று. கட்டில் கால், தொட்டில் கால், படிக்கட்டுக் கைப்பிடித் தூண் என்று வேலை வருகிறது. இப்போது பூவரசிலும் பழைய வீட்டு முதிரைத் துண்டுகளிலும் கிண்ணம் கடைகிறேன்.

கடையும் வேலை ஓடிவிடுகிறது. நேரம் போவது மற்றதில்தான்: காலின் அடியை மட்டமாக்குவது, கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்ப்பது, வளைந்த சட்டத்தின் உள்வளைவைச் சரிசெய்வது. தனித்தனியாக மெசின் வாங்கக் காசும் இல்லை, கொட்டிலில் இடமும் இல்லை. கடைச்சல் மெசினிலேயே பூட்டிக் கழற்றும்படி அரத்தாள் (மணல் தாள்) ஒட்டிய வட்டு, உருளை, கிண்ணத்தின் உட்புறம் தேய்க்கத் தாள் பூட்டிய ஒரு மெத்தை, இவற்றைச் செய்ய நினைக்கிறேன். பலகையைச் சீரான தடிப்புக்குக் கொண்டுவரும் நீள உருளையும் பிறகு செய்ய ஆசை.

எதை முதலில் செய்வது? எம்டிஎப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) எங்கள் கடற்கரைக் காற்றுக்குத் தாங்குமா? செய்து பாவிப்பவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

காத்தான்குடி ஓடாவி:
தம்பி, வட்டை முதலில் செய்யுங்கள். அது கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டிய துண்டுகளை அதிலேயே சதுரம் பார்த்து எடுக்கலாம்.

எம்டிஎப் வேண்டாம். கோடையில் ஒன்றும் தெரியாது. மாரி பிடித்து இரண்டு கிழமை விடாமல் பெய்தால் ஓரம் ஊதும், வட்டு நெளியும். 18 மில்லிமீட்டர் பிளைவூட் இரண்டு துண்டை, மேல் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி வைத்து, மரப் பசை பூசி ஒட்டுங்கள். நன்றாக இறுக்கி ஒரு இரவு விடுங்கள். பேஸ் பிளேட்டில் (மெசினின் சுழலும் தண்டில் ஏறும் இரும்புத் தட்டில்) பூட்டும்போது ஸ்க்ரூ இரண்டாம் பலகைக்குள் பாதி வரை போக வேண்டும், முகத்தைத் தொடக் கூடாது.

அளவை 9 அங்குலமாக வையுங்கள். கடையில் விற்கும் அரத்தாள் 230க்கு 280 மில்லிமீட்டர். அதில் ஒரே துண்டாக வெட்டக்கூடிய பெரிய வட்டம் 9 அங்குலம்தான். 12 அங்குலம் செய்தால் தாளை இணைக்க வேண்டி வரும். இணைப்பில் மரம் தட்டினால் தாள் கிழிந்து பறக்கும்.

மெசினில் பூட்டிய பிறகு விளிம்பை உளியால் கடைந்து வட்டமாக்குங்கள். அடுத்தது முகம். இதில் அவசரப்படாதீர்கள். நேர்சட்டத்தை வட்டின் குறுக்கே பிடித்து, பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். நடு உயர்ந்திருந்தால் அந்த வட்டு எதையும் மட்டமாக்காது. நடுப் பகுதி மயிரளவு குழிந்திருந்தால் பரவாயில்லை, எப்படியும் வேலை நடப்பது வெளிப்புறத்து மூன்றிலொரு பங்கில்தான்.

முகத்தில் போமைக்கா (வழுவழுப்பான மேசைத் தகடு) ஒட்டினால் தாள் மாற்றுவது சுகம். வெறும் பிளைவூட்டில் ஒட்டிய தாளை உரித்தால் நாரும் சேர்ந்து வரும். தாளை ஒட்டச் செருப்பு ஒட்டும் மஞ்சள் பசை போதும். இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு வைத்து அமர்த்துங்கள். உரிக்கும்போது இஸ்திரிப்பெட்டியை மேலே கொஞ்சம் வைத்துச் சூடாக்கினால் முழுத் தாளாக வரும்.

கல்முனை மோட்டர்:
ஓடாவிக் காக்கா வட்டைச் சொல்லிவிட்டார், நான் வேகத்தைச் சொல்கிறேன். சுற்று எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். விளிம்பு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. விட்டத்தை மீட்டரில் எடுத்து 3.14ஆல் பெருக்கி, ஒரு செக்கனுக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்க வேண்டும்.

9 அங்குல வட்டு, அதாவது 0.228 மீட்டர். 1440 சுற்று என்றால் செக்கனுக்கு 24. விளிம்பு வேகம் செக்கனுக்கு 17 மீட்டர் வரும். மோட்டரில் 2 அங்குலப் புல்லி, ஸ்பிண்டிலில், அதாவது மெசினின் சுழலும் தண்டில், 4 அங்குலம் போட்டால் 720 சுற்று, எட்டரை மீட்டர். வீட்டில் செய்த வட்டுக்கு இந்த இரண்டும் சரி. முதல் ஓட்டத்தை 720இல் பார்த்து, அதிர்வு இல்லை என்றால் மட்டும் 1440க்குப் போங்கள்.

சிலர் 2800 சுற்று மோட்டரை நேரே பூட்டுகிறார்கள். அதே வட்டு 33 மீட்டருக்கு மேல் ஓடும். சுற்று இரண்டு மடங்கானால் வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்கு. பசை வைத்து ஒட்டிய பலகைக்கு அது வேலையல்ல. தண்ணீர் பம்பில் கழற்றிய மோட்டர்கள் பெரும்பாலும் 2800 பக்கம்தான். தகட்டில் எழுதியிருப்பதை வாசிக்காமல் பூட்டாதீர்கள்.

உருளைக்கு இது தலைகீழ். 3 அங்குல உருளை 720இல் ஓடினால் விளிம்பு வேகம் செக்கனுக்கு 3 மீட்டர்கூட இல்லை, மரத்தில் இழுத்து இழுத்து வெட்டும். அதை 1440இல் ஓட்டுங்கள்.

கல்லடிப் பட்டறை:
காக்காவுக்கும் கல்முனை அண்ணனுக்கும் நன்றி. வட்டுக்கு முன்னால் மேசை வேண்டுமே, அதை எதில் நிறுத்துவது? எந்தப் பக்கத்தில் மரத்தை வைப்பது?

சம்மாந்துறை மாஸ்டர்:
இதை நான் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டியே விளங்கப்படுத்துவது வழக்கம். எழுத்தில் முயல்கிறேன்.

நீங்கள் வழமையாக நிற்கும் இடத்தில் மரம் மேலிருந்து உங்களை நோக்கிக் கீழே வருகிறது அல்லவா? டெயில் ஸ்டொக் பக்கம், அதாவது வட்டு பூட்டிய தலைக்கு எதிர் முனைக்குப் போய் வட்டின் முகத்தை நேரே பாருங்கள். இடது பாதி கீழே இறங்கும், வலது பாதி மேலே ஏறும். மரத்தை எப்போதும் இடது பாதியில்தான் வைக்க வேண்டும். அங்கே வட்டு மரத்தை மேசையோடு அமர்த்தும். வலது பாதியில் வைத்தால் மரத்தைத் தூக்கி முகத்தில் எறியும். பிள்ளைகள் பாவிக்கும் இடமென்றால் வலது பாதியை ஒரு பலகையால் மூடியே விடுங்கள்.

மேசைக்கு, உளி தாங்கியைக் கழற்றிவிட்டு அதே துளைக்குப் பொருந்தும் இரும்புக் கம்பியில் ஒரு தட்டை வெல்டிங் செய்து, அதன்மேல் பலகையைப் பூட்டுங்கள். ஏற்றி இறக்கி இறுக்கும் வசதி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஆனால் ஒற்றைக் கம்பியில் நிற்கும் மேசை சுழலப் பார்க்கும். மேசையின் அடியில் கீழ்நோக்கி ஒரு கட்டையைப் பூட்டி, அது மெசின் படுக்கையின் இரண்டு சட்டத்துக்கும் நடுவில் இறுக்கமாக இறங்கும்படி செய்தால் அசையாது.

மேசைக்கும் வட்டுக்கும் நடுவில் இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மெல்லிய துண்டு அதற்குள் இழுபட்டுப் போகும், விரல் பின்னால் போகும். உயரம், மரத்தின் நடு ஸ்பிண்டில் நடுவோடு ஏறக்குறைய ஒட்டி வரும்படி இருக்கட்டும். மூலைமட்டத்தை மேசையில் வைத்து வட்டின் முகத்தோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே வெளிச்சம் தெரிந்தால் நீங்கள் தேய்க்கும் ஒவ்வொரு காலும் சரிந்தே நிற்கும்.

மேசையின் மேல் வட்டுக்குச் சமாந்தரமாக ஒரு தவாளிப்பு வெட்டிவிட்டால், அதில் ஓடும் கட்டையில் 90, 45 பாகைக்குச் சட்டம் பூட்டலாம். கட்டில் காலின் அடியை அந்தச் சட்டத்தோடு பிடித்துத் தொட்டு எடுத்தால் நான்கும் ஒன்றுபோல வரும்.

ஏறாவூர் உளி:
எல்லாரும் அரத்தாளைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அபிப்பிராயம் வேறு. கடைச்சல் வேலைக்கு உளி நன்றாகத் தீட்டியிருந்தால் பாதிக்கு மேல் அரத்தாளே தேவையில்லை. சரிவு உளியின் வாயை மரத்தோடு சாய்த்துச் சீவினால் நார் அறுந்து வரும், முகம் பளபளக்கும். சுரண்டு உளியால் நேரே முட்டிச் சுரண்டுவதால்தான் நார் கிழிகிறது, அதை மறைக்கத்தான் 80ஆம் நம்பர் முரட்டுத் தாள் வருகிறது. முதலில் தீட்டப் பழகுங்கள், உருளை பிறகு.

இன்னொன்று, மெசினில் வைத்துத் தேய்த்த கட்டில் கால்களைக் கடைகளில் பார்க்கிறேன். மணி வேலை எல்லாம் உருண்டு மழுங்கிப்போய் இருக்கிறது. கூர்விளிம்பு இல்லாத கடைச்சல் எனக்குக் கடைச்சலாகவே தெரியாது.

காத்தான்குடி ஓடாவி:
ஏறாவூரார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கால் கடைவதில் நானும் சரிவு உளியோடு முடித்து 180இல்தான் தாளைத் தொடுவேன். மணிக்கும் பள்ளத்துக்கும் இயந்திர மெத்தை ஆகாது. துணி முதுகுள்ள தாளைக் குறுகலான பட்டியாகக் கிழித்து, இரண்டு கையிலும் நுனியைப் பிடித்து, அந்தந்தப் பள்ளத்துக்குள் மட்டும் விட வேண்டும். பட்டியை விரலில் சுற்றாதீர்கள். உளி தாங்கியையும் முதலில் கழற்றி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் கை அகப்பட்டு எலும்பு முறிந்தவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்.

ஆனால் தம்பி கேட்டது காலின் அடிக்கும் உள்வளைவுக்கும் கிண்ணத்துக்கும். அங்கே சரிவு உளி போகாது. கிண்ணத்தில் ஒரு சுற்றில் இரண்டு இடம் நார் எதிர்த்து நிற்கும், எவ்வளவு தீட்டினாலும் அந்த இரண்டு இடமும் கொஞ்சம் கிழியும். அதற்குத் தாள் வேண்டும். முதிரையில் அலை விழுந்த மரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஏறாவூர் உளி:
கிண்ணத்துக்கு ஒத்துக்கொள்கிறேன் காக்கா. காலுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாகரைக் கிண்ணம்:
கிண்ணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நான் கடைவது முழுக்கக் கிண்ணமும் தட்டும்தான். இதற்குக் கரண்ட் ட்ரில்கூட வேண்டாம். கிண்ணமே சுழற்றும் ஒரு மெத்தை செய்யலாம், செலவு மிகக் குறைவு.

வேண்டியது 608 பெயரிங் இரண்டு. உள் துளை 8 மில்லிமீட்டர், வெளி விட்டம் 22. இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் தூள் புகுந்து சீக்கிரம் இறுகிவிடும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கைப்பிடி கடையுங்கள். அதன் தலையில் ஒரு கட்டையைச் சாய்வாகப் பூட்டி, 22 மில்லிமீட்டர் துளையிட்டு, இரண்டு பெயரிங்கையும் கொஞ்சம் இடைவெளி விட்டு அடித்து இறக்குங்கள். ஒரே பெயரிங் போட்டால் மெத்தை ஆடும். 8 மில்லிமீட்டர் போல்ட் அதற்குள்ளே சுழல வேண்டும். போல்ட்டின் தலையில் 2 அங்குல பிளைவூட் வட்டம், அதன்மேல் மெத்தை, அதன்மேல் வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம்.

மெத்தைக்குப் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டுங்கள். கடையில் விற்கும் பஞ்சு மெத்தையைவிட அது சூட்டைத் தாங்கும், வளைவுக்கும் ஏற்ற அளவு நெளியும். தாளைப் பிளைவூட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெத்தையின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரும்படி வெட்டினால் விளிம்பு மரத்தில் கோடு போடாது.

கிண்ணத்தை 400, 500 சுற்றில் ஓட்டி, மெத்தையின் ஒரு ஓரத்தை மட்டும் தொட வையுங்கள். அது தானாகச் சுழலத் தொடங்கும். முழு முகத்தையும் அமர்த்தினால் நின்றுவிடும். கிண்ணமும் சுழல்கிறது, தாளும் வேறு திசையில் சுழல்கிறது, அதனால் கீறல் ஒரே வட்டமாக விழாது. கையால் தாள் பிடித்தால் எண்ணெய் பூசிய பிறகு தெரியும் அந்த வட்டக் கோடுகள் இதில் வராது.

கிண்ணத்தின் நட்டநடுவில் மரத்துக்கு வேகமே இல்லை, அங்கே மெத்தை சுழலாது. அந்த இடத்தை மெசினை நிறுத்திக் கையால்தான் தேய்க்க வேண்டும். அப்புறம், அழுத்தாதீர்கள். அழுத்தினால் சூடு ஏறி வெல்க்ரோ கொக்கி உருகும், தாள் பறந்துவிடும். சூடு பட்ட பச்சை மரத்தில் மயிர் வெடிப்பும் வரும்.

மருதமுனைத் தறி:
அக்கா சொன்ன வட்டக் கோடு விஷயம் எங்களுக்கும் முக்கியம். நாங்கள் கைத்தறிக்கு நூல் சுற்றும் கட்டைகள் கடைந்து கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத கீறலிலும் நூல் சிக்கும், நெய்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நாங்கள் ஒவ்வொரு நம்பர் தாளுக்கும் பிறகு மெசினை நிறுத்தி, அதே தாளால் நீளவாக்கில் நாரோடு சேர்த்து இழுப்போம். அதற்குப் பிறகுதான் அடுத்த நம்பர்.

நம்பர் தாண்டுவதும் கூடாது. 80ஆம் நம்பர் மணல் சராசரியாக 0.2 மில்லிமீட்டர், 120 என்றால் 0.125, 180இல் 0.08, 240இல் 0.06க்குக் கொஞ்சம் கீழே, 400இல் 0.035. 80இலிருந்து நேரே 240க்குத் தாவினால் ஆழக் கீறலை அந்தப் பொடி மணல் எடுக்கவே எடுக்காது, மேலே மினுக்கிவிட்டு உள்ளே விட்டுவிடும். 80, 120, 180, 240, 320, 400 என்று போனால் ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம்தான். மொத்தத்தில் நேரமும் மிச்சம், தாளும் மிச்சம்.

கல்லடிப் பட்டறை:
அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பெயரிங் நாளைக்கு வாங்குகிறேன். இப்போது உருளை. கட்டையில் தாளை எப்படி நிறுத்துகிறீர்கள்? ஒட்டினால் மாற்றுவது கஷ்டம்தானே?

காத்தான்குடி ஓடாவி:
ஒட்ட வேண்டாம் மனே. 76 மில்லிமீட்டர் விட்டத்துக்கு, 230 நீளத்துக்கு உருளை கடையுங்கள். சுற்றளவு 239 வரும். தாளின் நீளம் 280. மிச்சம் இருக்கும் 41 மில்லிமீட்டரில் பக்கத்துக்கு 20 உள்ளே மடிந்து போகும். ஒரு முழுத் தாளும் வெட்டாமல் வீணாகாமல் உருளையில் உட்காரும்.

நீளவாக்கில் ஒரு வெட்டு, ஆழம் 22 அளவு, அகலம் 6. வெட்டின் மேல் மூலைகளைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், கூராக இருந்தால் தாள் அங்கேதான் முறியும். தாளின் இரண்டு நுனியையும் உள்ளே மடித்து, நடுவில் ஆப்புப் பட்டி ஒன்றைத் தட்டி இறக்குங்கள். ஆப்பின் தலை உருளையின் முகத்துக்குக் கீழே நிற்க வேண்டும். அது வெளியே நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் மரத்தில் அடிக்கும்.

உருளைக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பளித் துணியோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றினால் வளைவில் அழகாகப் போகும். அப்போது துணியின் தடிப்பைக் கழித்து உருளையைச் சின்னதாகக் கடைய வேண்டும். நேர் ஓரம் தேய்ப்பது என்றால் மெத்தையில்லாமல் வெறும் மரத்தின்மேலே தாள். இரண்டு உருளை வைத்திருந்தால் நல்லது.

பிவிசி குழாயில் செய்யலாமா என்று பிறகு கேட்பீர்கள். வேண்டாம். உரசிச் சூடேறினால் இளகும்.

அக்கரைப்பற்றுப் பலகை:
தம்பி தொடக்கத்தில் பலகைத் தடிப்புக்கு நீள உருளை செய்ய ஆசை என்று எழுதியிருந்தார். நான் அதைத்தான் பாவிக்கிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள், இது கை போகிற விஷயம்.

படத்தில் பார்த்துச் செய்பவர்கள் முன்னால் நின்று பலகையை உருளைக்குக் கீழே தள்ளுகிறார்கள். கடைச்சல் மெசினில் அது பிழை. உங்கள் பக்கம் உருளை கீழே இறங்குகிறது என்றால், அடியில் அது உங்களிடமிருந்து பின்பக்கமாக ஓடுகிறது. முன்னாலிருந்து பலகையைக் கொடுத்தால் உருளை அதைப் பிடித்துப் பின்னால் எறியும். பலகை வில்லிலிருந்து விட்ட அம்பு போலப் போகும், கையும் உருளைக்குள் இழுபடும். பலகை எப்போதும் தாளின் ஓட்டத்துக்கு எதிராகத்தான் போக வேண்டும். ஆகவே மெசினின் பின்பக்கம் நின்று, முன்பக்கத்தை நோக்கித் தள்ள வேண்டும். மெசினைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பவர்கள் முதலில் அதை வெளியே இழுக்க வேண்டும்.

தள்ளுபவர் பலகையின் நேரே நிற்காமல் ஓரமாக நிற்க வேண்டும். பிடி வழுக்கினால் பலகை தள்ளுபவர் பக்கம்தான் திரும்பி வரும். ஒரு அடிக்குக் குறைந்த துண்டைக் கொடுக்கவே கூடாது. சின்னத் துண்டென்றால் நீளப் பலகை ஒன்றின்மேல் தற்காலிகமாக ஒட்டிக் கொடுங்கள்.

செய்முறையில் எனக்குப் பிடித்த பகுதி மேசைதான். மேசையின் ஒரு ஓரத்தைக் கீலில் மாட்டி, மற்ற ஓரத்தை 10 மில்லிமீட்டர் போல்ட்டால் ஏற்றி இறக்குகிறேன். அந்தப் போல்ட்டின் புரி ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏறும். உருளை, கீலுக்கும் போல்ட்டுக்கும் சரி நடுவில் இருப்பதால் அதன் கீழே ஏறுவது அதில் பாதி. கால் சுற்று திருப்பினால் 0.2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தடவைக்கு அதுவே போதும். அதைவிடக் கூட்டினால் மரம் கருகும், மோட்டர் முனகும்.

உருளை மேசைக்குச் சமாந்தரமாக வர வேண்டும். அதை அளந்து பிடிக்க முயலாதீர்கள். தாள் சுற்றாத வெறும் உருளையை ஓடவிட்டு, நேரான பலகை ஒன்றில் 80ஆம் நம்பர் தாளை ஒட்டி மேசையின்மேல் வைத்து, மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பலகையைத் தள்ளுங்கள். உருளை தன்னைத் தானே மேசைக்கு ஏற்றபடி தேய்த்துக்கொள்ளும். முதலில் உருளை முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டால், கோடு எல்லா இடமும் அழிந்ததும் வேலை முடிந்தது என்று தெரியும்.

நீள உருளைக்குத் தாளைச் சுருளாகச் சுற்ற வேண்டும், துணி முதுகுத் தாள். 75 மில்லிமீட்டர் அகலப் பட்டியை 76 மில்லிமீட்டர் உருளையில் சுற்ற, நுனியைச் சாய்வாக வெட்ட வேண்டும்: ஒரு மூலையிலிருந்து எதிர் ஓரத்தில் 227 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் புள்ளிக்கு. அந்தச் சாய்வுக் கோடு உருளையின் சுற்றளவுக்குச் சமமாக வருவதால் நுனி வட்டம் நேராக முடியும். முதல் நுனியைப் பூட்டிவிட்டு, உருளை சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாகத் தாளைச் சுற்றிக்கொண்டு போங்கள். அப்படியென்றால் மரம் உரச உரசத் தாள் இறுகும். மாற்றிச் சுற்றினால் தளர்ந்து அவிழும்.

கல்முனை மோட்டர்:
அக்கரைப்பற்று அண்ணன் எழுதியது தங்கம். பின்னால் நிற்க இடமில்லாதவர்கள் மோட்டரை எதிர்த்திசையில் ஓட்டலாமா என்று கேட்பார்கள். ஒற்றைக் கட்ட மோட்டரில் தொடக்கச் சுருளின் இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினால் திசை மாறும். ஆனால் பேஸ் பிளேட் புரியில் ஏறியிருக்கிறது. எதிர்த்திசையில் ஓட்டினால் அது கழன்று ஓடிவரும். வட்டை ஒருபோதும் எதிர்த்திசையில் ஓட்டாதீர்கள். உருளையை இரண்டு முனைகளுக்கு நடுவில், மரத்தில் குத்திப் பிடிக்கும் முள் முனையால் இழுத்து ஓட்டினால் அந்தப் பயம் இல்லை. டெயில் ஸ்டொக்கில் பெயரிங் வைத்த சுழலும் முனையையே போடுங்கள். நிலையான முனை மரத்தைச் சுட்டுத் துளையைப் பெரிதாக்கும், உருளை தளரும்.

சுவிட்சை எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கம் எட்டும்படி மாற்றுங்கள். பின்னால் நின்று வேலை, முன்னால் சுவிட்ச் என்றால் ஆபத்து நேரத்தில் உருளைக்கு மேலால் கை நீட்ட வேண்டி வரும்.

வாகரைக் கிண்ணம்:
தூளைப் பற்றி யாரும் பேசவில்லை. முதிரை என்று தம்பி எழுதியதைப் பார்த்ததும் நினைத்தேன். முதிரைத் தூள் பலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது. கையிலும் கழுத்திலும் அரித்துச் சிவந்து தடிக்கும், வியர்வையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். உளியால் சீவும்போது சுருளாகப் போவதால் தெரியாது. வட்டில் தேய்க்கத் தொடங்கினால் கொட்டில் முழுக்கப் பொடி மிதக்கும். தோல் மட்டுமல்ல, மரத்தூளை மூச்சில் இழுப்பது புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. துணி கட்டிக்கொள்வது காணாது. என்95 தர மாஸ்க் போடுங்கள், வேலை முடிந்ததும் சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்.

வட்டின் கீழ்ப் பாதியைச் சுற்றி மூன்று பக்கமும் அடைத்த பெட்டி ஒன்று செய்து, அடியில் வெக்யூம் குழாயைச் செருகினால் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். இடது பாதி கீழே இறங்குவதால் தூளும் அங்கேதான் விழுகிறது. வெக்யூம் இல்லாவிட்டால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதவைத் திறந்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வேலை செய்யலாம். பக்கத்து வீட்டுக் கொடியில் உடுப்புக் காய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்தான்குடி ஓடாவி:
தங்கச்சி சொன்னதோடு ஒன்று. அதே வட்டில் உளி தீட்டுவது, ஆணி ராவுவது வேண்டவே வேண்டாம். இரும்பில் தீப்பொறி பறக்கும், பெட்டிக்குள் மரத்தூள் குவிந்திருக்கும். உடனே பற்றாது, உள்ளே கனன்று கொண்டிருந்து நாம் கதவைப் பூட்டிப் போன பிறகு பற்றும்.

கல்லடிப் பட்டறை:
வட்டு ஓடத் தொடங்கிவிட்டது. பிளைவூட் இரண்டு, மேலே போமைக்கா, 9 அங்குலம், எல்லாம் காக்கா சொன்னபடி. மேசைக்கு மாஸ்டர் சொன்ன கட்டையை அடியில் பூட்டினேன், அசையவில்லை. 720இல் சத்தமே இல்லை. கட்டில் கால் ஒரு சோடிக்கு அடி தேய்த்தேன், மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரியவில்லை.

ஆனால் 1440க்கு மாற்றினால் மெசின் நடுங்குகிறது. விளிம்பு வட்டமாகத்தான் இருக்கிறது, பென்சிலைக் கிட்டப் பிடித்தும் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

கல்முனை மோட்டர்:
விளிம்பு வட்டம் என்றால் பாரம் ஒரு பக்கம் கூடியிருக்கிறது. பிளைவூட்டுக்குள் வெற்றிடம் இருக்கலாம், பசை ஒரு பக்கம் தடித்திருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றி விடுங்கள். திரும்பத் திரும்ப ஒரே இடம் அடியில் வந்து நின்றால் அதுதான் பாரமான பக்கம். பின்முகத்தில், விளிம்புக்குக் கிட்ட, அந்த இடத்தில் ஆழமில்லாமல் ஒரு சின்னத் துளை போட்டு மறுகா சுழற்றிப் பாருங்கள். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை செய்ய வேண்டும். எதிர்ப்பக்கம் ஸ்க்ரூ ஏற்றிப் பாரம் கூட்டாதீர்கள், கழன்றால் பறக்கும். ஸ்பிண்டில் பெயரிங் இறுகியிருந்தால் இந்தச் சோதனை சரியாக வராது, முதலில் அது லேசாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

சம்மாந்துறை மாஸ்டர்:
கூடவே பேஸ் பிளேட்டுக்கும் அது முட்டி நிற்கும் ஸ்பிண்டில் தோளுக்கும் நடுவில் தூளோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். கல்லடியில் உப்புக் காற்று, இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே ஒரு மணல் அளவு இருந்தாலும் 9 அங்குல விளிம்பில் அது பெரிதாகத் தெரியும்.

கல்லடிப் பட்டறை:
மாஸ்டர் சொன்னது உண்மை, தோளில் துரு இருந்தது. துடைத்து எண்ணெய் தடவிப் பூட்டினேன், பாதி நடுக்கம் போய்விட்டது. மிச்சத்துக்கு இரண்டு துளை போட்டேன். இப்போது 1440இலும் வட்டின் மேசையில் நிறுத்தி வைத்த பென்சில் விழாமல் நிற்கிறது. நாளைக்கு உருளைக்குக் கட்டை தேட வேண்டும். வேம்பு ஒன்று காய்ந்து கிடக்கிறது, பாலையும் கொஞ்சம் இருக்கிறது. எது நல்லது?

காத்தான்குடி ஓடாவி:
பாலை பாரம், கடைய உளி தேயும், வெடிக்கவும் பார்க்கும். வேம்பு நன்றாகக் காய்ந்திருந்தால் அதையே எடுங்கள். மரத்தின் நட்டநடு நெஞ்சு உருளைக்குள் வராமல் பிளந்து எடுங்கள். வெட்டுப் போட்ட பிறகு இரண்டு அந்தத்திலும் வார்னிஷ் பூசிவிடுங்கள், மாரிக்கு ஈரம் இழுக்காது.